பானை இறங்கிய இடம்

“காத்தடிக்கிற டயரா, கட்டி டயரா?” என்று ஒச்சம்மாள்தான் முதலில் கேட்டாள்.

“கட்டி டயர்னுதான் போட்டிருக்குக்கா,” என்றாள் ஸ்ருதி, போனில் இருந்த ஆங்கிலத்தை விரலால் மேலே தள்ளிக்கொண்டே.

“அப்பச் சரி. காத்து டயருன்னா எங்கூருக் கருவேல முள்ளு பாதி வழியிலயே பஞ்சராக்கிரும். எங்க, படத்தக் காட்டு.”

ஸ்ருதி காட்டினாள். நாலு சக்கரத்தின் மேல் துணித்தொட்டி ஒன்றை வைத்தது போல ஒரு வண்டி. முன்னால் பிடித்து இழுக்க நீளமான கைப்பிடி. தொப்பி போட்ட வெள்ளைக்காரி ஒருத்தி புல்வெளியில் அதை இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே சுருட்டிய கூடாரம், மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நாய்.

“எங்க போறா இவ?”

“திருவிழாவுக்குத்தான்க்கா. அப்படித்தான் எழுதியிருக்கு. மூணு நாள் கூடாரம் அடிச்சுத் தங்குற திருவிழாவாம்.”

“அட! நம்மள மாதிரியா? என்ன சாமி?”

“சாமியெல்லாம் கிடையாது. பாட்டுக் கச்சேரி.”

“சாமியில்லாத திருவிழாவுக்கா இம்புட்டுச் சாமான்?” ஒச்சம்மாள் போனைக் கையில் வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். “நாயி எதுக்கு வண்டியில ஒக்காந்திருக்கு? கால் ஒடைஞ்சதா?”

“நல்ல கால்தான். சும்மா ஒக்காந்திருக்கு.”

“குடுத்து வச்ச நாயி. சரி, எத்தன கிலோ தாங்கும்?”

“எண்பதுன்னு போட்டிருக்கு.”

“மடக்குனா பஸ்ஸுல ஏறுமா?”

“ஏறும். இடுப்பு உசரத்துக்கு ஒரு மூட்டை மாதிரி ஆயிரும்.”

“சக்கரம் ஒல்லியா இருக்கே. அகலமா எதுவும் இல்லியா?”

“இருக்குக்கா. மணல்ல இழுக்கிறதுக்குன்னே ஒண்ணு இருக்கு. ஆனா அது முழுசா மடங்காது. பஸ் படியில ஏத்த முடியாது.”

ஒச்சம்மாள், “மாசியில மழையேது? ஒல்லிச் சக்கரமே இருக்கட்டும். போட்ரு,” என்றாள்.

“இன்னொரு நாள் யோசிச்சுக்கோங்களேன்.”

“யோசிச்சாச்சு பாப்பா. பானை மண்ணத் தொடாம கோயிலுக்குப் போயிச் சேரணும். எனக்கு வேண்டியது அம்புட்டுத்தான்.”

அருப்புக்கோட்டையில் ஸ்ருதி வீட்டின் பின்கட்டில் ஒச்சம்மாள் வாடகைக்கு இருந்தாள். ஸ்ருதி வீட்டார் உள்ளே கன்னடம் பேசுவார்கள், வாசலைத் தாண்டினால் தமிழ். ஒச்சம்மாள் அதில் இரண்டு வார்த்தையைப் பிடித்து வைத்துக்கொண்டு, சாயங்காலம் வேலை முடிந்து வரும்போதெல்லாம் “ஊட்டா ஆச்சா?” என்று கேட்டுவிட்டுப் போவாள். பதிலுக்கு நிற்கமாட்டாள். ஸ்ருதியின் அம்மா ரேணுகாதேவி, சாப்பிட்டாச்சா என்று கேட்டவளுக்குப் பதில் சொல்ல வெளியே வந்தால், பின்கட்டில் கதவுச் சத்தம்தான் கேட்கும்.

ஒச்சம்மாளுக்குப் புகுந்த ஊர் நரிக்குடிக்கு அந்தப் பக்கம். புருஷன் சோலைச்சாமி இருந்தவரை கம்மாய்த் தண்ணி பெருகினால் நெல்லு, இல்லாவிட்டால் குதிரைவாலி, எப்படியும் ஒரு பட்டி ஆடு என்று ஓடியது. ஒரே மகள், கட்டிக்கொடுத்துத் திருப்பூரில் இருக்கிறாள். சோலைச்சாமி நெஞ்சுவலியில் போனபிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு டவுனுக்கு வந்து, பெண்கள் விடுதி ஒன்றில் சமையலுக்குச் சேர்ந்தாள். அங்கே சோற்று அண்டாவை இறக்கும்போது ஈரத் தரையில் வழுக்கி விழுந்ததில் முதுகில் டிஸ்க் விலகிவிட்டது. தலையில் சுமை ஏற்றக்கூடாது என்று டாக்டர் சொன்னார். எத்தனை நாளைக்கு என்று இவள் கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, இனிமேல் எப்பவுமேதான் என்றார்.

அதைக் கேட்டதும் அவளுக்கு விடுதி வேலை ஞாபகத்துக்கு வரவில்லை. மாசி சிவராத்திரிதான் ஞாபகத்துக்கு வந்தது.

சோலைச்சாமி வகையறாவுக்குக் குலதெய்வம் காட்டய்யனார். மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, கம்மாய்க் கரை வழியாக உள்ளே நடக்க வேண்டும். சிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லோரும் குடும்பத்தோடு போய், தார்ப்பாய் கட்டி, இரண்டு நாள் அங்கேயே தங்குவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் கோயிலைச் சுற்றி ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில்தான் அந்த வீட்டு அடுப்பு எரியும், பொங்கல் பொங்கும்.

பானை விஷயத்தில் அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வீட்டில் மஞ்சள் கட்டித் தூக்கிய பொங்கப்பானை வழியில் எங்கேயும் தரையைத் தொடக்கூடாது. ஒரே ஒரு தடவைதான் இறங்கும். எங்கே இறங்குகிறதோ அங்கேதான் அந்த வருஷம் அந்த வீட்டு அடுப்பு. அதற்குப் பிறகு அதைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தால் அது பொங்கப்பானை இல்லை, வெறும் ஏனம், சமையல் பாத்திரம். பானையைப் பெண்கள்தான் சுமப்பார்கள். ஆண்கள் விறகு, கம்பு, கிடாய் என்று போய்விடுவார்கள். பானைப் பக்கம் திரும்பமாட்டார்கள்.

சோலைச்சாமி வீட்டு இடம் கோயிலுக்குத் தென்புறம், வேப்பமரத்து நிழலில் இருந்தது. போன வருஷம் முதுகு வலி தாங்காமல் ஒச்சம்மாள், கொழுந்தன் முறையுள்ள பாண்டிராஜின் டிராக்டரில் ஏறிப் போனாள். டிராக்டரில் அவர்கள் பானைகளோடு இவள் பானையும் ஒன்றாக ஏறி, ஒன்றாக இறங்கியது, பாண்டிராஜ் வீட்டு இடத்தில். அவர்களுடைய அடுப்பு வரிசையிலேயே இவள் அடுப்பும் எரிந்தது. வேப்பமரத்தடி காலியாகக் கிடந்தது. பங்காளிகளில் மூத்தவர் இருளப்பசாமி அன்றைக்கே சொல்லிவிட்டார்: “ஒரு சிவராத்திரி காலியாக் கெடக்கலாம் தாயி. ரெண்டாவதுக்கும் கெடந்தா வேற அடுப்பு ஏறிக்கிரும். அது யாரு சொல்லியும் நிக்காது.”

தை மாதம் பாண்டிராஜ் மகன் தங்கபாண்டிக்குக் கல்யாணம் ஆனது. புதுத் தலைக்கட்டு, தனிக் குடும்பம். புது அடுப்புக்கு இடம் வேண்டும். இதை யாரும் ஒச்சம்மாளிடம் எடுத்துச் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தபோது அவளுக்கே தெரிந்தது.

அதனால்தான் வண்டி. டிராக்டரில் ஏறின பானை டிராக்டர்காரன் இடத்தில்தான் இறங்கும். தலையில் சுமக்க முதுகு இல்லை. வண்டியில் வைத்து இழுத்தால், களைத்த இடத்தில் நின்றுகொள்ளலாம். வண்டிதான் நிற்கும், பானை தரையைத் தொடாது.

வண்டி வந்த நாளிலிருந்து பின்கட்டு முற்றத்தில் ஒத்திகை நடந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பானை இடுப்பில் இருக்கும், ஆகவே வண்டியை ஒரே கையால் விரிக்க வேண்டும். ஒச்சம்மாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, வண்டியின் ஒரு பக்கத்தைக் காலால் மிதித்து, மறுபக்கத்தைக் கையால் இழுப்பாள். அது பாதி விரிந்து மறுபடி மடங்கிக்கொள்ளும்.

“ஒச்சம்மா, இந்த வயசுல சர்க்கஸ் கம்பெனியில சேரப் போறியா?” என்றாள் ரேணுகாதேவி.

“சேத்துக்கிட்டா போயிருவேன். அங்க யானை இருக்கும், சாமானத் தூக்க.”

நாலைந்து நாளில் கை பழகிவிட்டது. சுமையை அடுக்கவும் கற்றுக்கொண்டாள். அடியில் தார்ப்பாய், அதன் மேல் பாயும் போர்வையும், ஓரத்தில் அரிசி, வெல்லம், தண்ணீர்க் கேன், நடுவில் துணி சுற்றிய சும்மாடு, அதன் மேல் வெண்கலப் பானை. முற்றத்தைச் சுற்றி இழுத்துப் பார்த்தாள். பானை அசையவில்லை.

சிவராத்திரிக்கு முந்தின நாள் மழை பெய்தது. மாசியில் அப்படி ஒரு மழையை அந்தப் பக்கம் யாரும் எதிர்பார்க்கவில்லை. அருப்புக்கோட்டையில் தெரு நனைந்ததோடு சரி. நரிக்குடிப் பக்கம் எப்படியோ தெரியாது. தெரிந்தாலும் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

மறுநாள் காலையில் பானைக்கு மஞ்சள் கட்டித் தூக்கினாள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஏத்தா, பானையக் கீழ வச்சா என்ன? எடத்த அடைச்சுக்கிட்டு,” என்றார் கண்டக்டர்.

“கீழ வச்சா நான் இங்கனயே பொங்க வைக்கணும். பரவாயில்லயா?”

“பொங்க வையி. எனக்கும் ஒரு கரண்டி குடு.”

பஸ்ஸே சிரித்தது. திருச்சுழி தாண்டும்வரை அவளும் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். அதற்கப்புறம் ஜன்னலுக்கு வெளியே பள்ளங்களில் தண்ணீர் நிற்பது தெரிந்தது.

இறங்கியதும் வண்டி ஒரே இழுப்பில் விரிந்தது. டீக்கடைக்காரர் சுமையை ஏற்றிக்கொடுத்தார், பானையை அவளே ஏற்றினாள். சரளை போட்ட பாதையில் வண்டி கடகடவென்று வந்தது. முதுகு வலிக்கவில்லை. கம்மாய்க் கரை வரை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கரை இறங்கியதும் கரிசல். ஒல்லிச் சக்கரம் முதலில் கோடு போட்டுக்கொண்டு போனது, பிறகு அப்பியது. களிமண் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு, சக்கரத்துக்கும் கம்பிக்கும் நடுவில் அடைத்து, கடைசியில் நாலு சக்கரமும் சுற்றுவதை விட்டுவிட்டன. வண்டி ஏர் மாதிரி மண்ணைக் கிழித்துக்கொண்டு வந்தது. ஒச்சம்மாள் ஒரு கருவேலங்குச்சியை ஒடித்து மண்ணை நோண்டினாள். கொஞ்ச தூரம் போனது. மறுபடி அடைத்தது. மறுபடி நோண்டினாள். மூன்றாம் முறை வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, அச்சு வரை இறங்கிவிட்டது.

பாரத்தை எடுத்தால் வண்டியைத் தூக்கிவிடலாம். பாரத்தை எடுக்க வேண்டும் என்றால் முதலில் பானையை எடுக்க வேண்டும். பானையை எடுத்தால் எங்கே வைப்பது? இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் தார்ப்பாயை இழுத்துப் பார்த்தாள். முதுகில் மின்சாரம் பாய்ந்தது போல வெட்டியது. பானையை மறுபடி சும்மாட்டில் வைத்து, விழுந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். கோயில் வேப்பமரத்தின் உச்சி அங்கிருந்தே தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் பின்னால் டிராக்டர் சத்தம் கேட்டது.

“மதினி! என்னத்த இழுத்துட்டு வாரீக? பிள்ளத் தொட்டிலா?” பாண்டிராஜ் டிராக்டரை நிறுத்தினான். பின்னால் டிரெய்லரில் அவன் மனைவி மூக்கம்மாள், புது மருமகள், ஓரத்தில் துண்டு போர்த்திக்கொண்டு இருளப்பசாமி, நடுவில் பானைகள்.

“ஏறுங்கக்கா, வம்பு பண்ணாம,” என்றாள் மூக்கம்மாள். “முதுகு வேற சரியில்ல.”

“இருக்கட்டும் மூக்கம்மா. வண்டியக் கொஞ்சம் தூக்கி, அந்தா அந்தப் புல்லுத் தரையில விட்டாப் போதும். நான் வந்துருவேன்.”

“அம்புட்டுத்தான? இந்தா வாரேன்,” என்று பாண்டிராஜ் குதித்து இறங்கினான். நல்ல மனசுக்காரன். அவனுக்கு எதையும் நின்று கேட்டுச் செய்கிற பழக்கம் இல்லை. “பாரத்தோட தூக்குனா கம்பி வளைஞ்சிரும் மதினி. எறக்கிட்டுத் தூக்குவோம்,” என்று சொல்லிக்கொண்டே அவள் கையை விலக்கி, மேலே இருந்ததை எடுத்து, பக்கத்தில் வைத்தான்.

ஈர மண். சத்தம்கூட வரவில்லை.

அடுத்ததாக அரிசிப் பையை எடுக்கக் குனிந்தவன், டிரெய்லரில் பேச்சு நின்றுபோனதைக் கவனித்து நிமிர்ந்தான். மூக்கம்மாள் வாயில் கை வைத்திருந்தாள். அப்போதுதான் பானையின் கழுத்தில் கட்டியிருந்த மஞ்சளைப் பார்த்தான்.

“மதினி,” என்றான். “நான் வேணும்னு செய்யல.”

“தெரியும் தம்பி.”

“சத்தியமா எனக்குத் தோணவே இல்ல. ஏனந்தானன்னு...”

“தெரியும்ப்பா. ஆம்பளைகளுக்கு என்ன தெரியும், நாங்கதான தூக்குறோம்.”

மூக்கம்மாள் இறங்கி வந்தாள். குரலைத் தாழ்த்தி, “யாருக்கா பாத்தா? எடுத்து வச்சுக்கிட்டு வாங்க. வேப்பமரத்தடியிலயே வைங்க. நாங்க வாயத் திறக்கமாட்டோம்,” என்றாள். அந்த இடம் போனால் அவள் மகனுக்கு வரும் என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

ஒச்சம்மாள் இருளப்பசாமியைப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள். கிழவர் முகத்தைக் கம்மாய்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“நான் கண்ண மூடிக்கிட்டு வந்திருக்கலாம் தாயி,” என்றார். “பாத்துத் தொலைச்சிட்டேன்.”

பாண்டிராஜ் வண்டியைத் தூக்கிப் புல்லில் விட்டான். தேவையில்லாத வேலையை நன்றாகவே செய்தான். சக்கரத்து மண்ணையெல்லாம் நோண்டி எடுத்தான். மூக்கம்மாள் கூட இருக்கிறேன் என்றாள். “உன் மருமகளுக்கு மொதப் பொங்கல். நீ போகாம யாரு போறது?” என்று ஒச்சம்மாள் அவளை ஏற்றி அனுப்பினாள். டிராக்டர் பானையைச் சுற்றி ஒடித்துத் திருப்பிக்கொண்டு போனது.

கரையோரம் மூன்று கல் தேடி அடுப்புக் கூட்டினாள். விறகு ஈரம். புகைந்து புகைந்து பிடித்தது. அந்த வழியாகப் பைக்கில் வந்த சொந்தக்காரர்கள், “என்னத்தா, இங்கன போட்டுட்ட?” என்று கேட்டார்கள். “எறங்கிருச்சு,” என்றாள். அந்த ஒரு வார்த்தை அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. சிலர் வண்டியைப் பார்த்து, எங்கே வாங்கியது என்று விசாரித்தார்கள்.

வெயில் சாயும்போது கோயில் பக்கத்திலிருந்து குலவைச் சத்தம் வந்தது. ஒவ்வொரு வீட்டுப் பானையாகப் பொங்க, எல்லாப் பெண்களும் சேர்ந்து போடுகிற குலவை. கடைசியில் இவள் பானையும் பொங்கியது. கிழக்கே பார்த்து, நுரை தள்ளி, குறையில்லாமல் பொங்கியது. சுற்றி ஒருத்தருமில்லை. ஒச்சம்மாள் எழுந்து நின்று தானே குலவை போட்டாள். ஒற்றைக் குரலில் போட்டால் அது குலவை மாதிரியே இல்லை. கம்மாயில் இருந்த கொக்குகள் எழுந்து பறந்தன. பாதியில் நிறுத்திவிட்டாள்.

படையலுக்கு ஓர் இலையில் பொங்கலை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். வேப்பமரத்தடியில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. புது மருமகள் ஓடிவந்து, “வாங்க பெரியத்த, ஒக்காருங்க,” என்று பாயை உதறிப் போட்டாள். நல்ல பெண். ஒச்சம்மாள் தன் இடத்தில் விருந்தாளியாக உட்கார்ந்து, அவள் கொடுத்த காப்பியைக் குடித்து, சீனி சரியாக இருக்கிறது என்று சொன்னாள்.

இருளப்பசாமி பக்கத்தில் வந்து குந்தினார். “அடுத்த வருசம் உன் பானை முந்தி வந்து எறங்கட்டும் தாயி. தங்கபாண்டிப் பயல நான் எந்திரிக்கச் சொல்றேன்.”

“சரி மாமா,” என்றாள். அவர் சொல்வார். அவன் எழுந்துகூட நிற்பான். எழுந்து நிற்கிறவன் பக்கத்தில் கைப்பிள்ளையோடு இந்தப் பெண் நிற்பாள். அப்போது பானையை எந்த முகத்தோடு இறக்குவது என்று ஒச்சம்மாள் அங்கே உட்கார்ந்தபடியே யோசித்தாள். இருந்தாலும் முந்திப் போய்விட வேண்டும். முந்திப் போனால் பேசவாவது வாயிருக்கும்.

ஊர் திரும்பின அன்று முற்றத்தில் வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, காய்ந்த கரிசலைத் திருப்புளியால் குத்தி எடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் ஸ்ருதியிடம் சொன்னாள். ஸ்ருதி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வைகாசியில் கல்யாணம், சேலத்து மாப்பிள்ளை. பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று. அடுத்த மாசியில் அவள் எங்கே இருப்பாள், யாரிடம் கேட்டு வெளியே வர வேண்டியிருக்கும் என்பதெல்லாம் ஒச்சம்மாளுக்கும் தெரியும்.

“சேலத்துல இருந்து நரிக்குடிக்கு பஸ்ஸு இருக்கா பாப்பா?”

“மதுரை வந்து மாறணும்க்கா. ஏன்?”

“சும்மாதான்.” ஒச்சம்மாள் சக்கரத்தைச் சுழற்றிவிட்டாள். அது சுற்றி நிற்கும்வரை பார்த்தாள். “வேத்தாளு பொங்கப்பானையத் தொடக்கூடாதுன்னு எங்க ஆளுக யாரும் சொன்னதில்ல. கேட்டாச் சொல்லுவாக. அதான் நான் கேக்கல.”

ஸ்ருதிக்குப் புரிந்தது.

“மாசியில ஒரே ஒரு நாள் வாரியா? சாமான நீ தூக்க வேணாம், வண்டிய நான் இழுத்துக்கிருவேன். எங்கயாச்சும் மாட்டுனா நானே நோண்டி எடுத்துக்கிருவேன். அம்புட்டு நேரமும் பானைய மட்டும் கையில வச்சுக்கிட்டு நில்லு பாப்பா. யாரு வாங்க வந்தாலும் குடுக்காத. கை கடுத்தாலும் கீழ வச்சிறாத.”